தெரிந்துகொள்ளச் சேர்த்த மன்னர்: தஞ்சை இரண்டாம் சரபோஜி

வங்கி உத்தியோகத்தில் மாற்றலாகி நான் புனேவுக்கு வந்தது 1978-ல். சதாசிவ் பேட்டையில் ஒரு பழைய வாடாவின் மாடியில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. வாடா என்றால் ஏறக்குறைய நம் ஊர் முற்றம் வைத்த வீடுதான். நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், ஐந்தாறு குடித்தனம். கீழ்க்கட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். என் சொந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லா என்று தெரிந்ததும் அந்த மராட்டியப் பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. தஞ்சாவூர் போன்ஸ்லே ராஜாக்களைப் பற்றி, முக்கியமாக சரபோஜி மன்னரைப் பற்றிச் சொல்லும்படி ஆசையாகக் கேட்டார்.

ஸரஸ்வதி மஹால் என்று ஒரு புத்தகசாலை இருக்கிறது, அதற்கு அவர் பெயர் உண்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பெரிய கோவில் திருச்சுற்று மாளிகையில் போன்ஸ்லே குலத்தின் கதை முழுவதும் மராட்டியில் கல்லில் வெட்டியிருக்கிறதே, அதையாவது பார்த்திருப்பேனே என்றார். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அந்தப் பிராகாரத்தைச் சுற்றியவன் நான். சுவரில் எழுத்து இருப்பது தெரியும். அது என்ன என்று யாரையும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வெட்கம்தான் என்னை சரபோஜியிடம் கொண்டு சேர்த்தது. அதன் பிறகு ஊருக்குப் போன விடுமுறைகளில் எல்லாம் தஞ்சாவூர் அரண்மனைக்கு ஒரு நடை போய்வருவது வழக்கமாகிவிட்டது. நம் சங்கத்து அன்பர்களில் பலருக்குத் தஞ்சை பூர்வீகம். ஆகையால் நான் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இளமையில் பட்ட துன்பம்

சத்ரபதி சிவாஜி மஹாராஜின் மாற்றாந்தாய்ச் சகோதரர் வெங்கோஜி என்கிற ஏகோஜி. அவர் 1670-களில் தஞ்சையைக் கைப்பற்றியதிலிருந்து அங்கே மராட்டிய ஆட்சி. அந்த வம்சத்தில் துளஜா மன்னருக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. அவர் 1787-ல், மரணத் தறுவாயில், உறவில் ஒரு பையனை சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் சரபோஜி. 1777 செப்டம்பர் மாதம் பிறந்தவர். அப்போது வயது பத்து நிறையவில்லை.

துளஜா கண்ணை மூடியதும் அவருடைய சகோதரர் அமர்சிங், சுவீகாரம் செல்லாது என்று சொல்லி அரியணை ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். சரபோஜி அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தார். படிப்பு இல்லை, வெளிக்காற்று இல்லை. துளஜா மன்னரின் வேண்டுகோளை மறவாமல் அந்தப் பையனுக்காகப் போராடியவர் ஸ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். அவர் எழுதி எழுதிக் கேட்டதன் பேரில் 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் அவருக்கு முறையான படிப்பு வாய்த்தது. சுவீகார விஷயமும் மறுபடி விசாரணைக்கு வந்து அவருக்குச் சாதகமாக முடிந்தது. 1798 ஜூன் மாதக் கடைசியில் பட்டம் சூட்டிக்கொண்டார். ஸ்வார்ட்ஸ் அதைக் காணாமல் நான்கு மாதம் முன்பே காலமாகிவிட்டார்.

குருவை மன்னர் மறக்கவில்லை. ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு, மரணப்படுக்கையில் இருக்கும் ஸ்வார்ட்ஸின் கையைத் தாம் பற்றியிருப்பதுபோல் பளிங்கில் ஒரு சிற்பம் செய்வித்தார். சிவகங்கைத் தோட்டத்து ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது. தம் மதத்தை விடாமல் பெரிய கோவிலுக்குத் திருப்பணி செய்த மன்னர், இன்னொரு மதத்துக் குருவுக்கு இப்படி நன்றிக்கடன் தீர்த்தார்.

ராஜ்யம் போனது

பட்டத்துக்கு வந்த மறு வருஷமே, 1799 அக்டோபரில், ராஜ்ய நிர்வாகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. படை இல்லை, வரி வசூல் இல்லை. பணம் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது.

அந்த நிலையில் இருந்த வேறு ராஜாக்கள் பலர் வேட்டை, விருந்து, கேளிக்கை என்று காலத்தைக் கழித்தார்கள். சரபோஜியும் குதிரை ஏற்றத்திலும் வேட்டையிலும் பெயர் வாங்கியவர்தான். ஆனால் அவர் மனம் லயித்தது வேறு ஒன்றில். எங்கே என்ன புது அறிவு இருக்கிறது என்று தேடி, அதை உடைய பொருளைத் தஞ்சைக்கு வரவழைப்பது. அடுத்த முப்பது வருஷமும் அதே வேலை.

வெறும் ஆசையால் வாங்கிக் குவித்தவர் என்று முதலில் நானும் நினைத்தேன். நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் மாறிற்று.

கையெழுத்தும் தேதியும்

நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனையில் ஏட்டுச் சுவடிகள் இருந்தன. சரபோஜி அதைப் பல மடங்கு பெருக்கினார். ஸம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராட்டி என்று நான்கு மொழிச் சுவடிகள். அதோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் முதலிய ஐரோப்பிய மொழிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப் புத்தகங்கள். ரசாயனம், வைத்தியம், தாவரம், விலங்குகள், பூகோளம், காவியம், நாடகம் என்று எல்லாத் துறையும் உண்டு.

அந்தப் புத்தகங்களைத் திறந்தால் பலவற்றில் மன்னரின் ஆங்கிலக் கையெழுத்தும் தேதியும் இருக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு சிலிர்ப்பு ஏற்பட்டது. ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்குகிற ஒருவர், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பிரித்து, பெயரும் தேதியும் போடுகிறார் என்றால், வந்த பொருள் ஒவ்வொன்றும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

படித்தும் இருக்கிறார். 1826-ல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ஹீபர், மன்னர் லவாய்சியே, லின்னேயஸ், பூஃபோன் முதலிய விஞ்ஞானிகளின் கருத்துக்களைச் சரளமாக எடுத்துச் சொல்லிப் பேசியதையும், ஷேக்ஸ்பியரைப் பற்றித் தமக்கென ஓர் அபிப்பிராயம் வைத்திருந்ததையும் வியந்து எழுதியிருக்கிறார்.

கருவிகளும் வந்தன. காற்றை வெளியேற்றும் யந்திரம், மின்சாரம் உண்டாக்கும் யந்திரம், வானத்தைப் பார்க்கும் கருவிகள். இவற்றோடு தந்தத்தால் செய்த ஒரு மனித எலும்புக்கூடு! நம் ஆசாரத்தில் மனித எலும்பைத் தொட்டால் தீட்டு. ஆசாரத்தையும் விடக்கூடாது, உடற்கூறும் தெரிந்தாக வேண்டும். தந்த எலும்புக்கூட்டில் இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டது.

தரங்கம்பாடியில் இருந்த பாதிரிமார்கள் செடிகொடிகளையும் கடல் சிப்பிகளையும் சேகரிப்பதில் தேர்ந்தவர்கள். அவர்களோடு மன்னருக்கு நல்ல பழக்கம் இருந்தது. பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் தஞ்சை ஓவியர்களைக் கொண்டு உள்ளது உள்ளபடி வரையச் செய்தார். மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு சார்ல்ஸ் லெ ப்ரூன் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த படங்கள் இன்றும் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் அதன் முன்னால் நின்று சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காசி யாத்திரை

1820-ல் மன்னர் காசி யாத்திரை புறப்பட்டார். கூடவே சுமார் மூவாயிரம் பேர். ரயில் இல்லாத காலம். போகிற வழியெல்லாம் க்ஷேத்திரங்களில் தங்கி, ஸ்நானம், தானம் எல்லாம் முறையாகச் செய்து, காசி, பிரயாகை, கயை மூன்றையும் சேவித்துத் திரும்ப இரண்டு வருஷம் போலாகிவிட்டது.

நாம் காசிக்குப் போனால் கங்கைச் சொம்பும் அன்னபூரணி விக்கிரகமும் வாங்கி வருவோம். சரபோஜி சுவடிகளைக் கொண்டுவந்தார். காசியில் பண்டிதர்களை அமர்த்தி, கிடைத்த நூல்களை வாங்கியும், விலைக்குக் கிடைக்காதவற்றைப் பிரதி எடுத்தும் சேர்த்தார். காசியின் படித்துறைகளையும் கோவில்களையும் ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். அந்தப் படித்துறைகளின் அன்றைய தோற்றத்தைத் தஞ்சாவூரில் இருந்தபடியே நாம் பார்க்க முடிகிறது. யாத்திரையைப் பற்றி மராட்டியில் பாட்டுக்களும் எழுந்தன.

சேர்த்தது யாருக்காக?

1805 வாக்கில் தஞ்சை அரண்மனையில் தேவநாகரி எழுத்துக்களைக் கொண்டு ஓர் அச்சுக்கூடம் ஏற்படுத்தினார். ஈசாப் கதைகளை மராட்டியில் மொழிபெயர்க்கச் செய்து பிள்ளைகள் படிப்பதற்காக அதில் அச்சிட்டார்கள். அவர் நடத்திய பாடசாலைகளில் பல மொழிகளும் கற்பித்தார்கள். ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்கு அன்னம், பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிகளுக்கு மருந்து மூன்றும் கிடைத்தன.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது தன்வந்தரி மஹால். நம் சித்த வைத்தியம், ஆயுர்வேதம், யூனானி, ஆங்கில வைத்தியம் நான்கிலும் தேர்ந்தவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்து, மருந்துகளைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். பலன் தந்த முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாகப் பாடச் செய்து தொகுத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவை பிற்காலத்தில் அச்சாகியிருக்கின்றன.

கண் வைத்தியக் குறிப்புக்களும் உண்டு. வந்த நோயாளி யார், எந்த ஊர், கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை, எப்படித் தேறியது என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். கூடவே நோயுற்ற கண்ணின் வர்ணப் படம். இன்று நாம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு கோப்புப் போடுகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் அந்தக் கோப்பு இருந்தது. இக்காலக் கண் மருத்துவர்களே அவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. தஞ்சைக் குடியானவர் கட்டிய வரியில் ஒரு பங்குதான் அது. கம்பெனியாரின் தயவில் இருந்ததால் அவர்களை மகிழ்விக்கவும் வேண்டியிருந்தது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி 1814-ல் கடற்கரையில் மனோரா கோபுரத்தைக் கட்டியவரும் இவரே. குறை சொல்ல இடம் உண்டு. ஆனாலும் அந்தப் பணம் சுவடியாகவும் மருந்தாகவும் பாடசாலையாகவும் திரும்பி வந்தது. முழுவதும் வாணவேடிக்கையாகப் போய்விடவில்லை.

அவருக்குப் பின்

1832 மார்ச் 7-ம் தேதி சரபோஜி மன்னர் காலமானார். அவருடைய குமாரர் சிவாஜி மன்னர் 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்ததும் கம்பெனி அரசு தஞ்சையை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துக்களும் கைமாறின. ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். லண்டன் வரை போன அந்த வழக்குக்குப் பிறகு, 1862-ல், சொத்துக்கள் அரச குடும்பத்திடம் திரும்பி வந்தன. அந்த நாட்களில் புத்தகசாலை ஏலத்துக்குப் போயிருந்தால் இன்று எந்த எந்த தேசத்தில் சிதறியிருக்குமோ!

பர்னல் என்ற ஆங்கிலேய நீதிபதி உட்கார்ந்து சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880-ல் வெளியிட்டார். உலகப் பண்டிதர்களுக்குத் தஞ்சைச் செல்வம் தெரிந்தது அதனால்தான். 1918-ல் அரச குடும்பத்தார் புத்தகசாலையைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஊரிலிருந்த பண்டிதக் குடும்பங்களும் தங்கள் வீட்டுச் சுவடிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் என்னும் அந்தக் குடும்பப் பெயர்களை நூலக வரலாறு இன்றும் நன்றியோடு சொல்கிறது. 1983-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேல் சுவடிகள் அங்கே இருக்கின்றன.

அங்கே சுவடிகளைக் காக்கும் பழைய முறை ஒன்றை அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, மிளகு இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி மூட்டையாகக் கட்டிச் சுவடிகளின் நடுவே வைப்பார்கள். பூச்சி அண்டாது. எல்லாம் நம் அகத்துச் சமையலறையில் இருக்கும் சரக்குத்தான்.

என் கதை

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் சேகரிப்பவன்தான். பத்து வயதிலிருந்து தபால்தலை, ஒன்பது ஆல்பம். ஒரு நாள் ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் பிள்ளை, மாக்யார் போஸ்டா என்று போட்டிருக்கிறதே, அது எந்த தேசம் என்று கேட்டான். முப்பது வருஷமாக என் கையில் இருந்த தபால்தலை. எனக்குத் தெரியவில்லை. ஹங்கேரி என்று மறுநாள் அவனே பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான்.

அது போகட்டும், சிரித்துவிட்டு மறந்துவிடலாம். மறக்க முடியாதது வேறு ஒன்று. 1994-ல் அப்பா காலமான பிறகு கிராமத்து வீட்டை விற்றோம். பரணில் கொள்ளுத்தாத்தா காலத்து ஏட்டுக் கட்டுகள் நான்கு இருந்தன. காவிரியில் விட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. கூடாது என்று பெரிய மனுஷனைப்போலச் சொல்லி, பத்திரமாகப் புனேவுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து, பழைய சூட்கேஸில் போட்டு, மறுபடியும் பரணில்தான் வைத்தேன். சரபோஜியைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியவன், தலைக்கு மேல் இருந்த நான்கு கட்டுகளை ஒன்பது வருஷம் பிரித்துப் பார்க்கவில்லை.

2003-ல் வேறு குடியிருப்புக்கு மாறும்போது சூட்கேஸை இறக்கினோம். மாடித் தொட்டியிலிருந்து கசிந்த ஈரம் சுவரில் இறங்கியிருந்தது. இரண்டு கட்டுகள் கரையானுக்குப் போய்விட்டன. கையில் எடுத்ததும் மண்ணாக உதிர்ந்தன. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முறத்தைக் கொண்டுவந்து அள்ளினாள்.

மிஞ்சிய இரண்டை, கிரந்த எழுத்து படிக்கத் தெரிந்த ஒரு சாஸ்திரிகளிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று ஆபஸ்தம்ப பிரயோகம். அச்சுப் புத்தகமாக எங்கும் கிடைப்பது. மற்றொன்று தமிழில் எழுதிய வீட்டு வைத்தியக் குறிப்பு. குழந்தைக்கு மாந்தம், பிரசவித்தவளுக்கு லேகியம், தேள் கடி என்று வரிசையாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் வைத்தியம் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கரையான் தின்ற இரண்டில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காவிரியில் விட்டிருந்தாலாவது நதிக்குக் கொடுத்தோம் என்று இருந்திருக்கும்.

மிஞ்சிய இரண்டும் இப்போது சுவடிகளைப் பேணும் ஒரு நூலகத்தில் இருக்கின்றன. கொடுக்கும் முன் ஒவ்வோர் ஏட்டையும் படம் எடுத்து, யார் வீட்டுச் சுவடி, எந்த ஊர், எப்போது யார் கைக்கு வந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மும்பையிலோ, தில்லியிலோ, நாகபுரியிலோ, நீங்கள் எங்கே இருந்தாலும், ஊர் வீட்டிலிருந்து வந்த ஒரு பெட்டி உங்கள் பரணிலும் இருக்கும். பாட்டியின் வெண்கலப் பானையோ, தாத்தாவின் கணக்கு நோட்டோ, பெயர் தெரியாதவர்கள் வரிசையாக நிற்கும் கல்யாண போட்டோவோ இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் பாருங்கள். அகத்தில் வயதானவர்கள் இருந்தால் இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று அவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வேண்டாதது என்று தோன்றினால் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம், தெரிந்துகொண்டு கொடுங்கள்.

தபால்தலை ஆல்பங்களை இப்போது ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த தேசம், படத்தில் இருப்பவர் யார் என்று விசாரித்துப் பென்சிலால் குறிக்கிறேன். பக்கத்தின் கீழே, சரபோஜி மன்னரைப் போல, என் பெயரும் அன்றைய தேதியும். மூன்று ஆல்பம் முடிந்திருக்கிறது.